எந்த வான்கோழியைச் சுடுவது, எதை விடுவது?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மார்ச் மாதம் பிறந்தால் வேட்டைக்காரர்களுக்குள் ஒரு சண்டை கட்டாயம் வரும். ஒரு வயதுகூட நிரம்பாத இளஞ்சேவல் வான்கோழியைச் சுடலாமா, கூடாதா? அங்கே அதை ஜேக் என்பார்கள். வளர்ந்த சேவல் டாம். ஜேக்கைச் சுட்டுப் படம் போட்டவரைக் கேலி செய்ய ஒரு கூட்டம் கிளம்பும். ‘லைசென்ஸ் என் காசு, சமைத்துச் சாப்பிடப் போவது நான், உனக்கென்ன வலிக்கிறது’ என்று எகிற இன்னொரு கூட்டம் கிளம்பும். பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இரண்டாவது கூட்டத்தின் பக்கம்தான் இருக்கிறது.

இத்தனை சத்தத்துக்கு நடுவே ஒன்று மறந்துபோகிறது. அடுத்த வருடம் காட்டில் எத்தனை வான்கோழி இருக்கும் என்ற கணக்கில் ஜேக்குக்குப் பெரிய இடம் கிடையாது. அந்தக் கணக்கு பெட்டைகளின் கையில் இருக்கிறது. வளர்ந்த சேவல்களில் எது, எந்த வாரத்தில் சுடப்படுகிறது என்பதற்கு அதில் பங்கு உண்டா என்பது ஆய்வாளர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு. ஜேக் விவகாரம் இவை இரண்டிலும் சேராது. அடுத்த வருடத்து வேட்டை சுவையாக இருக்குமா என்பதுதான் அதில் கேள்வி. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதால்தான் சண்டை தீர்வதே இல்லை.

கொஞ்சம் பின்கதை வேண்டும். 1930-கள் வாக்கில் அமெரிக்கா முழுவதும் சேர்த்தே காட்டு வான்கோழிகள் சுமார் 2 லட்சம்தான் மிஞ்சியிருந்தன. காடு வெட்டப்பட்டது ஒரு பக்கம், சந்தைக்காக வரைமுறையின்றிச் சுட்டது இன்னொரு பக்கம். பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். நரிக்கும் பருந்துக்கும் தீனி போட்டதுதான் மிச்சம். நிலைமை மாறியது, 1951-ல் தென் கரோலினாவில் பீரங்கி வலை வீசி நிஜக் காட்டுப் பறவைகளை உயிரோடு பிடித்த பிறகு. இரை தூவிய இடத்தில் கூட்டம் கூடியதும் வெடிமருந்தின் விசையில் வலை பாய்ந்து மூடும். அப்படிப் பிடித்தவற்றை, வான்கோழியே இல்லாமல் போன மாவட்டங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1973-ல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கியபின் இந்த வேலை இன்னும் வேகம் பிடித்தது. 2000-களின் தொடக்கத்தில் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. செலவில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களின் லைசென்ஸ் கட்டணம். அதோடு 1937-ஆம் ஆண்டு பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் பிடிக்கும் வரி. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே வழக்கு, சிறை என்று பழகிய நமக்கு, சுடுபவரின் காசில் பறவை பெருகியது என்பது விசித்திரமாகத்தான் படும். ஆனால் நடந்தது அதுதான்.

இப்போது பல மாநிலங்களில் எண்ணிக்கை மறுபடி சரிகிறது. குறிப்பாகத் தென்கிழக்கில், ஒரு பெட்டைக்கு இத்தனை குஞ்சு தேறுகிறது என்ற விகிதம் முன்பு இருந்ததைவிட இறங்கிவிட்டது. ‘எதைச் சுடுவது’ என்ற கேள்விக்குப் புதிதாகக் கனம் ஏறியது இதனால்தான்.

வசந்தத்தில் சேவலை மட்டும் சுடலாம் என்ற விதிக்கு அடிப்படை எளிமையானது. வான்கோழிச் சேவல் பல பெட்டைகளோடு சேரும். சேர்ந்ததோடு அதன் குடும்பப் பொறுப்பு முடிந்தது. கூடு தேடுவது, 10 முதல் 12 முட்டை இடுவது, 28 நாள் அடைகாப்பது, குஞ்சுகளைப் பூச்சி பொறுக்கக் கூட்டிப்போவது எல்லாம் பெட்டையின் தலையில். ஒருமுறை இணைந்த பெட்டை அந்த விந்தை உடலுக்குள் வாரக்கணக்கில் வைத்திருந்து முட்டைகளைக் கருவுறச் செய்யும். ஆகவே, வேலை முடித்த சேவல் ஒன்று போனால் அந்த வருடக் குஞ்சுகளில் ஒன்றுகூடக் குறையப் போவதில்லை. பெட்டை ஒன்று போனால் அந்தக் கூடே போச்சு. பாம்பு, ரக்கூன், ஸ்கங்க், காகம் என்று எதிரிகள் வரிசை கட்டி நிற்பதால் பாதிக்கு மேற்பட்ட கூடுகள் பொரிக்காமலே அழிகின்றன. தப்பிப் பொரித்த குஞ்சுகளிலும் மரமேறி அடையத் தெரியாத முதல் இரண்டு வாரத்தில்தான் சாவு அதிகம். இந்த நெருக்கடியில் ஒவ்வொரு பெட்டையும் கணக்கு.

சரி, காலை மங்கல் வெளிச்சத்தில் பெட்டை எது, சேவல் எது என்று எப்படித் தெரியும்? பழகிய கண் முதலில் தலையைப் பார்க்கும். சேவலின் தலையில் ரோமம் கிடையாது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நொடிக்கு நொடி நிறம் மாறும். பெட்டையின் தலை சாம்பல் கலந்த நீலம், மேலே மெல்லிய இறகுப் பூச்சு. அடுத்து நெஞ்சு. சேவலின் நெஞ்சு இறகுகளுக்கு நுனி கறுப்பு, அதனால் தூரத்தில் கரிக்கட்டைபோலத் தெரியும். பெட்டையின் இறகு நுனி வெளிர் பழுப்பு. கடைசியில்தான் தாடி, அதாவது நெஞ்சு நடுவிலிருந்து குதிரைவால் முடிபோல் தொங்கும் கொத்து.

தாடியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சில பெட்டைகளுக்கும் தாடி முளைக்கும், சன்னமாக. பல மாநிலங்களின் வசந்தகால விதி ‘தாடியுள்ள பறவை’ என்றுதான் சொல்கிறது. அங்கே தாடிப் பெட்டையைச் சுடுவது சட்டப்படி குற்றமில்லை. ‘சேவல் மட்டும்’ என்று எழுதியிருக்கும் மாநிலங்களில் அதே பறவைக்கு அபராதம். தாடி இருந்தாலும் அது முட்டையிடும், அடைகாக்கும், குஞ்சு வளர்க்கும். எல்லாம் தெரிந்தே அதைச் சுடுபவருக்குச் சட்டம் துணையிருக்கிறது, அவ்வளவுதான். ஏப்ரலில் கூட்டை விட்டு இரை தேட இறங்கிவரும் பெட்டையாக அது இருந்தால், காட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டை குளிர்ந்துபோகும். விட்டுவிட வேண்டிய பறவைகளில் இதுதான் முதல் என்பது என் கட்சி.

ஜேக்கை அடையாளம் காண்பது இன்னும் நுணுக்கம். விரித்த வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் வருடத்தில் வாலின் நடு இறகுகள் மட்டும் உதிர்ந்து முழு நீளத்துக்கு முளைத்திருக்கும். இரு பக்கத்து இறகுகள் இன்னும் குஞ்சுப் பருவத்துக் குட்டை இறகுகளே. அதனால் விசிறி விரியும்போது நடுவில் ஒரு மேடு துருத்திக்கொண்டு நிற்கும். டாமின் விசிறி விளிம்பு காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரே வளைவு. ஜேக்கின் தாடி மூன்று நான்கு அங்குலம் துருத்தி நிற்கும், தொங்காது. சிறகின் கடைசி ஒன்றிரண்டு நீள இறகுகள் கூராக இருக்கும், வெள்ளைப் பட்டை நுனிவரை எட்டாது. டாமுக்கு நுனி மழுங்கி, பட்டை கடைசிவரை ஓடும். இது கையில் எடுத்துப் பார்த்தால்தான் உதவும். ஆர்கன்சாஸ் மாநிலம் ஜேக் எது என்று விளக்கும்போது வால், தாடி, சிறகு மூன்றையும் சொல்கிறது.

கால்முள் வயதுக்கு ஓரளவு நல்ல சாட்சி. ஜேக்குக்கு வெறும் மொட்டு. அரை அங்குலத்திலிருந்து ஒன்றுக்குள் என்றால் பெரும்பாலும் இரண்டு வயது. ஒரு அங்குலத்தைத் தாண்டினால் மூன்றோ அதற்கு மேலோ. ஆனால் புல்லுக்குள் நடந்துவரும் பறவையின் முள்ளை யார் அளப்பது? தாடி நீளமும் ஒரு எல்லைக்கு மேல் வயது சொல்லாது. வருடத்துக்கு நான்கைந்து அங்குலம் வளர்ந்து, மூன்றாவது வயதில் தரையைத் தொட ஆரம்பித்ததும் நுனி தேய்ந்து உதிரும். மூன்று வயதுச் சேவலுக்கும் ஐந்து வயதுச் சேவலுக்கும் தாடி ஒன்றுபோலவே இருக்கும்.

மான் வேட்டைக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். கலைமானுக்கு ஐந்து ஆறு வயதுவரை கொம்பு பெருத்துக்கொண்டே போகும். ‘சின்னதை விடு, பெரிசாகட்டும்’ என்ற வாசகம் அங்கே பிறந்தது. அதை அப்படியே தூக்கி வான்கோழிக்கு மாட்டியவர்கள், ஜேக்கை விட்டால் ஐந்து வருடத்தில் ராட்சசன் கிடைப்பான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வான்கோழி இரண்டாவது வயதிலேயே தோற்றத்தில் முழுச் சேவல். அதற்கு மேல் கூடுவது பெரும்பாலும் முள்தான். வேட்டையில் கிடைத்த பறவைக்குத் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு போடும் மதிப்பெண் முறையும் அதைத்தான் காட்டுகிறது. எடையைப் பவுண்டில் அப்படியே எடுத்து, தாடி நீளத்தை இரண்டால் பெருக்கி, இரு முள்களின் நீளத்தையும் பத்தால் பெருக்கிக் கூட்டுவார்கள். 20 பவுண்டு எடை, 10 அங்குலத் தாடி, தலா ஒன்றேகால் அங்குல முள் என்றால் 20, 20, 25 சேர்த்து 65. எடையையும் தாடியையும்விட முள்ளுக்குத்தான் அதிகம்.

அப்படியானால் ஜேக்கை ஏன் விட வேண்டும்? கூவலுக்காக. வசந்த வேட்டையின் உயிரே அதுதான்: பெட்டைபோலக் குரல் கொடுத்து, பதிலுக்குக் கூவும் சேவலை அடி அடியாக அருகே வரவழைப்பது. அந்தக் கூவலில் பெரும்பங்கு இரண்டு வயதுச் சேவல்களுடையது. அனுபவம் குறைவு, ஆசை அதிகம். கூப்பிட்டால் ஓடி வரும். இந்த வருடம் விட்ட ஜேக்தான் அடுத்த வருடத்து இரண்டு வயதுச் சேவல். அதனால்தான் மிசிசிப்பி 1998-ல் நாட்டிலேயே முதலாவதாக ஜேக்கைச் சுடத் தடை போட்டது. வளர்ந்த சேவல், அல்லது தாடி ஆறு அங்குலமாவது உள்ள சேவல், இவற்றை மட்டும் சுடலாம். ஆர்கன்சாஸும் பின்னர் அதே வழிக்கு வந்தது. இந்தத் தடையால் பறவைகளின் மொத்த எண்ணிக்கை பெருகிவிடாது, ஏனென்றால் பெட்டைகள் இடும் முட்டை அதே அளவுதான். மாறுவது சேவல்களின் வயதுக் கலவை. குஞ்சு பொரிப்பு படுத்துப்போன ஒரு வருடத்துக்கு அடுத்த வசந்தத்தில் ஜேக் குறைவாக இருக்கும். அதற்கு அடுத்த வருடம் கூவல் அடங்கிவிடும். அப்படிப்பட்ட பகுதியில் இருக்கும் சில ஜேக்குகளையும் சுட்டுத் தள்ளினால், காலையில் போய் உட்கார்ந்து கொசுவிடம் கடி வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

வளர்ந்த சேவல் விஷயம் இதைவிடச் சிக்கல். இரண்டு மூன்று சேவல்கள் சேர்ந்து திரிவதைப் பார்த்தால் அவை பெரும்பாலும் அண்ணன் தம்பிகள். கலிபோர்னியாவின் கார்மல் பள்ளத்தாக்கில் ஆலன் கிராகவர் செய்து 2005-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு இதை மரபணு வரை போய்ப் பார்த்தது. கூட்டணியில் ஒன்றுதான் தலைவன். பெட்டையோடு சேர்வது அது மட்டும். மற்றவை பக்கத்தில் நின்று வாலை விரித்து ஆடும், போட்டிச் சேவல்களை விரட்டும், தங்களுக்கென்று ஒரு குஞ்சும் பெறாது. தனியாகத் திரியும் சேவலுக்குச் சராசரியாக ஒரு குஞ்சுகூடத் தேறாத இடத்தில், தம்பி துணையுள்ள தலைவனுக்கு அதைவிட ஆறு குஞ்சு கூடுதலாகக் கிடைத்தது. தம்பிக்கு லாபம், தன் ரத்தம் அண்ணன் வழியாகப் போவது.

இதை வைத்து ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் போன்றவர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். பெட்டைகள் வாரக்கணக்கில் சேவல்களை நோட்டம் விட்டுத்தான் தலைவனைத் தேர்கின்றன. தெற்கில் சீசன் மார்ச் நடுவிலேயே தொடங்கினால், பெட்டைகள் சேர்வதற்கு முன்பே தலைவன் போய்விடுகிறான். மிச்சச் சேவல்கள் யார் பெரியவன் என்று மறுபடி அடித்துக்கொள்ள, இணைசேர்வது தள்ளிப்போய், கூடும் தாமதமாகிறது. இந்தக் கவலையோடு எண்ணிக்கைச் சரிவும் சேர்ந்ததில் விதிகள் மாறின. அலபாமா 2022-ல் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஆளுக்கு ஐந்து என்றிருந்ததை நான்காக்கி, முதல் பத்து நாள் பொம்மைப் பறவை வைக்கவும் தடை போட்டது. வேறொரு சேவல் தன் இடத்தில் நிற்பதைப் பார்த்து விரட்ட ஓடிவருவது பெரும்பாலும் தலைவன்தான் என்பதால், பொம்மைத் தடையில் அர்த்தம் இருக்கிறது. ஜார்ஜியா அதே வருடம் மூன்றை இரண்டாக்கியது. டென்னசி 2023-ல் சீசனை இரண்டு வாரம் தள்ளி, இரண்டு பறவை போதும் என்றது.

டென்னசியிலேயே இதற்கு எதிர்ச்சாட்சியும் கிடைத்தது. மாநிலத்தின் தெற்கு நடுப் பகுதியில் சில மாவட்டங்களில் மட்டும் 2023-க்கு முன்பே சீசனை இரண்டு வாரம் தள்ளிப் பார்த்தார்கள். பெட்டைகளுக்கு ரேடியோ கருவி மாட்டிக் கண்காணித்ததில், கூடு கட்டும் தேதியிலோ குஞ்சு பிழைப்பதிலோ சொல்லும்படியான வித்தியாசம் தென்படவில்லை. ஒரே கூட்டின் முட்டைகளுக்கு இரு தந்தைகள் இருப்பது உண்டு. தலைவன் போனால் அடுத்தவன் வருவான். பெட்டையிடம் விந்து சேமிப்பும் இருக்கிறது. ஆகவே தேதியைத் தள்ளினால் குஞ்சு பெருகும் என்ற கணக்கு அங்கே தேறவில்லை. ஆனாலும் தேதியைத் தள்ளியதில் எனக்கு வருத்தமில்லை. சுடப்படும் சேவல்களின் மொத்தம் குறைந்தால் அடுத்த வருடத்துக்கு மூத்த சேவல் மிஞ்சும், அது போதும். குஞ்சு பெருக்கும் மந்திரம் என்று அதை விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நடைமுறையில் தலைவனைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. அதிகம் கூவுவது தலைவன் என்று நினைப்பது தப்பு. பெட்டைகள் சூழ நிற்பவனுக்குக் கூவ வேண்டிய அவசியமில்லை. வாலை முழுதாக விரித்து, சிறகை இறக்கித் தரையில் உரச, நெற்றி சுண்ணாம்பாக வெளுத்து, மூக்கின்மேல் சதை நீண்டு தொங்க, மெதுவாகத் திரும்பித் திரும்பிக் காட்டுபவன் அவன். பக்கத்தில் வாலை மடித்தே வருபவை தம்பிகள். சீசனின் முதல் வாரத்தில், இன்னும் பெட்டைகளோடு சுற்றும் தலைவனை விட்டு, ஒதுங்கி வரும் தம்பி ஒன்றைச் சுடுவது எனக்கு நியாயமாகப் படுகிறது. மே மாதம், பெட்டைகள் அடைகாக்கப் போய், சேவல் தனியாக அலையும் காலத்தில் இந்த யோசனையே வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும், விட்டுவிட வேண்டிய பறவைகளில் பெரும்பாலானவற்றை வயதோ, சேவலா பெட்டையா என்பதோ முடிவு செய்வதில்லை. அது நிற்கும் இடம் முடிவு செய்கிறது. வான்கோழியை, ரவை என்னும் சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்னால், தலைக்கும் கழுத்துக்கும்தான் சுடுவார்கள். உடம்பில் பட்டால் ரவை இறகில் சிக்கி, பறவை காயத்தோடு ஓடி எங்காவது புதரில் செத்துக் கிடக்கும். ஈய ரவைக்கு 40 கெஜம் நல்ல எல்லை. இப்போது வரும் டங்ஸ்டன் ரவை அதைத் தாண்டியும் அடர்த்தியாகப் போகும் என்பதால் 60 கெஜத்தில் சுட்டதாகப் பெருமை பேசுபவர்கள் பெருகிவிட்டார்கள். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் எல்லோருமே கொஞ்சம் பேராசைக்காரர்கள் என்பதால், தோட்டா எதுவானாலும் 40-லேயே நிற்பது நல்லது. சேவல் முழுதாக விரிந்து நிற்கும்போது கழுத்து உள்வாங்கி இறகுக்குள் புதைந்திருக்கும். ஒரு சின்னக் குரல் கொடுத்தால் அது கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும், அதுவரை காத்திருக்க வேண்டும்.

சேவலுக்குப் பின்னால் இன்னொன்று நின்றால் சுடவே கூடாது. ரவை விரிந்து போகும்; ஒரு குண்டுக்கு இரண்டு விழுந்தால், ஒரு நாளுக்கு ஒன்று என்று விதியுள்ள இடத்தில் நேராகக் குற்றம். தம்பிகள் ஒட்டி ஒட்டி நடப்பதால் இது அடிக்கடி நேரும். விழுந்தபின்னும் வேடிக்கை நடக்கும்: கூட வந்தவை ஓடிப்போவதற்குப் பதிலாக, இதுவரை தங்களை அடக்கி வைத்தவனைக் கொத்தி மிதிக்கப் பாயும். அந்தக் குழப்பத்தில் இரண்டாவது தோட்டாவைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு.

மரத்தில் அடைந்திருக்கும் பறவையையும் சுடக்கூடாது; பல மாநிலங்களில் அது சட்டம். அப்புறம், புதருக்குப் பின்னால் சிவப்போ வெள்ளையோ நீலமோ அசைந்தால் முழுப் பறவையும் தெரியும்வரை விரல் விசைக்குப் போகக்கூடாது. எதிர்ப்பக்கத்தில் பெட்டைக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். காய்ந்த வால் விசிறியைத் தன் முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு சேவலை நோக்கி ஊர்ந்து போகும் புது மோகம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கிகள் சுற்றும் காட்டில் தன்னையே வான்கோழியாக்கிக் காட்டும் வேலை. டென்னசி தன் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளில் இதைத் தடைசெய்திருக்கிறது. மற்றவர்களும் செய்தால் தேவலை.

இலையுதிர் காலச் சீசன் தனிக் கதை. சில மாநிலங்களில் அப்போது சேவல் பெட்டை எதையும் சுடலாம். பறவை மிகுந்திருந்த காலத்தில் அதனால் பாதகமில்லை. இறங்கிவரும் காலத்தில் நேரே பெட்டைக் கணக்கில்தான் கை வைக்கிறது. கன்சாஸ் 2023-ல் இலையுதிர்ச் சீசனையே நிறுத்திவைத்தது. சீசன் திறந்திருக்கும் மாநிலத்திலும், தன் பகுதியில் கோடையில் பெட்டைகளுக்குப் பின்னால் குஞ்சு வரிசை தெரியவில்லையென்றால், பெட்டையை விட்டுச் சேவலை மட்டும் பார்ப்பது வேட்டைக்காரர் தானே எடுக்கக்கூடிய முடிவு.

தடை போட்ட மாநிலங்களும் ஜேக் விஷயத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கின்றன. மிசிசிப்பியிலும் ஆர்கன்சாஸிலும் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் ஜேக்கைச் சுடலாம். முதன்முதலாகத் துப்பாக்கியோடு உட்காரும் பிள்ளையிடம் ‘வால் நடுவில் மேடு இருக்கிறதா பார்’ என்றால் அதற்குள் பறவை போய்விடும். ஜேக்குகள் கூட்டமாக, அசட்டுத் துணிச்சலோடு, பொம்மைக்கு மிக அருகே வந்து நிற்கும் என்பதால் தூரப் பிரச்சினையும் இல்லை. கறி மெத்தென்று இருக்கும். வயதான டாமின் தொடையை மணிக்கணக்கில் வேகவைத்தாலும் நார் நாராகத்தான் வரும்.